ஸ்ரீவில்லிபுத்தூர்: மாலையும் கிளியும் மலையடிவாரமும்

மதுரையிலிருந்து கொல்லம் நோக்கித் தென்மேற்கே போகும் நெடுஞ்சாலையில் சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, அழகாபுரி, கிருஷ்ணன்கோவில் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய, வலதுகைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நெருங்கி வருகிறது. இடதுகைப் பக்கம் கரிசல் காடு விரிந்து கிடக்கிறது. மலைக்கும் கரிசலுக்கும் நடுவே ஊர். ஊர் கண்ணுக்குப் படுவதற்கு முன்பே கோபுரத்தின் உச்சி படுகிறது. ரயிலில் வருகிறவர்களுக்கு விருதுநகர் – தென்காசி பாதையில் நிலையம் உண்டு. சென்னை எழும்பூரில் இரவில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கிவிடலாம்.

பெரும்பாலோர் இங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. குற்றாலத்துக்கோ சபரிமலைக்கோ போகிற வழியில் வண்டியை நிறுத்துகிறார்கள், ஆண்டாளைச் சேவிக்கிறார்கள், பால்கோவா வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஊரைப் பார்க்க அது போதாது. இந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதி அன்றன்றைக்குக் கையால் செய்யப்பட்டு, மறுநாள் புதிதாகச் செய்யப்படுபவை. அவை நடக்கும் நேரத்தில் ஊரில் இருந்தால்தான் காணக் கிடைக்கும்.

ஊர்ப்பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். மல்லி என்னும் அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு மகன்கள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிட்டது. தம்பியைத் தேடிக் காட்டில் அலைந்து களைத்து உறங்கிய வில்லியின் கனவில் பெருமாள் வந்து இடம் காட்ட, அவன் காடு திருத்தி ஊரும் கோயிலும் எடுத்தான். அதனால் வில்லிபுத்தூர் ஆயிற்று. அரசியின் பெயரோடு மல்லி என்ற ஊர் சிவகாசி போகும் சாலையில் இன்றும் இருக்கிறது. புராணக் கதைதான் என்றாலும், காடும் புலியும் அதில் வருவது பொருத்தமே. அந்தக் காடு இன்றைக்கும் ஊருக்கு மேற்கே நிற்கிறது. அது இப்போது புலிகள் காப்பகம்.

கோயில் ஒன்றல்ல, இரண்டு. வடகிழக்கே இருப்பது வடபத்ரசாயி கோயில். இதற்கு வடபெருங்கோயில் என்றும் பெயர். தென்மேற்கே இருப்பது நாச்சியார் கோயில், அதாவது ஆண்டாள் கோயில். இரண்டுக்கும் நடுவில் நந்தவனம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இந்தத் தலத்துக்குத் தனிச் சிறப்பு, பன்னிரண்டு ஆழ்வார்களில் இருவர் பிறந்த ஊர் என்பது. ஒருவர் விஷ்ணுசித்தராகிய பெரியாழ்வார்; மற்றவர் அவர் வளர்த்த மகள் ஆண்டாள்.

பதினொரு நிலைகளோடு சுமார் 192 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரம் வடபத்ரசாயி கோயிலைச் சேர்ந்தது. மதுரைக் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வெறுமையாகத் தெரியலாம். அங்கே போல ஆயிரக்கணக்கான வண்ணச் சுதை உருவங்கள் இங்கே நெருக்கியடித்து நிற்கவில்லை. கோபுரத்தின் எடுப்பான கோடுகள், மேலே போகப் போகக் குறுகும் அளவுகள், மாடங்கள் ஆகியவையே அழகு. தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய கோபுரம் இது. மாலை வெயிலில் மேற்கு மலையைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. பாண்டியன் வல்லபதேவனின் சபையில் பரம்பொருள் யார் என்று நிலைநாட்டிப் பெற்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் இதைக் கட்டினார் என்பது கோயில் வழக்கு. இன்றைய கட்டுமானத்தில் நாயக்கர் காலத் திருப்பணி நிறையவே தெரிகிறது.

தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். பாடநூல்களும் அப்படியே சொல்கின்றன. 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில் மதுரை ஓவியர் ஆர்.கிருஷ்ணராவ் வரைந்த முத்திரை அது. மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரமே அதற்கு மாதிரி என்று சொல்வோரும் உண்டு. எப்படியிருந்தாலும், அரசுக் கடிதத்தின் தலைப்பில் கோபுரத்தைக் காணும்போது தமிழர் பலரின் நினைவுக்கு வருவது ஸ்ரீவில்லிபுத்தூர்தான்.

வடபத்ரசாயி ஆலிலையில் பள்ளிகொண்ட கோலத்தில், மேல்தளத்தில் இருக்கிறார். படியேறிப் போய்ச் சேவிக்க வேண்டும். கீழ்த்தளத்தில் நரசிம்மர் சன்னிதி. மேலே போகிறவர்கள் தலையை நிமிர்த்திக் கோபால விலாசத்தின் மரக் கூரையைப் பார்க்கத் தவறக்கூடாது. கல்லில் செய்வதைப் போலவே மரத்திலும் நுணுக்கமாகக் குடைந்த உருவங்கள் அங்கே வரிசை வரிசையாக இருக்கின்றன. சேவித்துவிட்டுக் கீழே இறங்கும் அவசரத்தில் அநேகர் அவற்றைக் கவனிப்பதில்லை.

நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில், ஆடி மாதம் பூர நட்சத்திரத்தில் ஒரு பெண்குழந்தையைப் பெரியாழ்வார் கண்டெடுத்தார். கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். பெருமாளுக்கு அவர் கட்டிவைத்த மாலையை அவள் தினமும் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கூடையில் திரும்ப வைப்பாள். ஒருநாள் மாலையில் தலைமுடி ஒன்றைக் கண்டு பதறிய ஆழ்வார், அதை ஒதுக்கிவிட்டு வேறு மாலை கட்டினார். அன்றிரவு கனவில் வந்த பெருமாள், அவள் சூடிய மாலையே தமக்கு வேண்டும் என்றார். ‘சூடிக்கொடுத்த சுடர்க்கொடி’ என்ற பெயர் வந்த கதை இதுதான். மாலை சூடிய முகத்தை அவள் பார்த்துக்கொண்டதாகச் சொல்லும் கிணற்றுக்குக் கண்ணாடிக் கிணறு என்று பெயர். நாச்சியார் கோயிலில் அதைக் காணலாம். ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லும்.

ஆண்டாள் பாடியவை இரண்டே நூல்கள்: திருப்பாவை 30 பாசுரங்கள், நாச்சியார் திருமொழி 143 பாசுரங்கள். பெரியாழ்வார் பாடியது, திருப்பல்லாண்டையும் சேர்த்து, 473. திருப்பாவையில் வெள்ளி எழுவதையும் வியாழன் மறைவதையும் சொல்லும் குறிப்பை வானியல் கணக்கில் வைத்து, அது 731-ஆம் ஆண்டைக் குறிப்பதாக மு.இராகவையங்கார் கணித்தார். வேறு ஆண்டுகளைச் சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளுக்குள் ஆண்டாள் வாழ்ந்தாள் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். அந்தப் பாசுரங்கள் மார்கழி விடியலில் தமிழ்நாட்டு வீடுகளில் மட்டும் ஒலிப்பதில்லை. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அந்தந்த எழுத்தில் அச்சடித்து, தமிழிலேயே ஓதுகிறார்கள்.

நாச்சியார் கோயிலின் கருவறையில் ஆண்டாளும் அவள் மணந்த ரங்கமன்னாரும் கருடனும் ஒரே பீடத்தில் இருக்கிறார்கள். மற்றப் பெருமாள் கோயில்களில் கருடன் எதிரே நின்று கைகூப்புவார். இங்கே மட்டும் பக்கத்தில் நிற்கிறார். கருவறைக்கு மேலே உள்ள விமானத்தில் திருப்பாவைப் பாசுரங்களின் காட்சிகள் சுதையில் இருக்கின்றன. 2016-இல் அந்த விமானத்துக்குப் பொன் வேய்ந்து குடமுழுக்கு நடந்தது. உள்ளே போகும் வழியிலுள்ள மண்டபத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பங்கள் ஆளுயரத்தில் நிற்கின்றன. ரதி, மன்மதன், வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன் என்று ஒவ்வொன்றின் முன்பும் சற்று நின்று போக வேண்டும்.

இனி, ஒவ்வொரு நாளும் நடப்பது. முதல் நாள் இரவு ஆண்டாளுக்குச் சாற்றிய மாலை, மறுநாள் காலையில் வடபத்ரசாயிக்குப் போகிறது. ஆழ்வாரின் கனவில் பெருமாள் கேட்டதாகச் சொல்லும் அதே மாலைதான். கதையைக் கோயில் நாள் தவறாமல் செய்துகாட்டுகிறது. ஆண்டுதோறும் இந்த மாலை வெளியூர்ப் பயணமும் போகிறது. சித்திரையில் மதுரைக்கு, தல்லாகுளத்தில் கள்ளழகர் அதைச் சூடிக்கொண்ட பிறகே வைகையில் இறங்குகிறார். புரட்டாசியில் திருப்பதிக்கு, பிரம்மோற்சவக் கருட சேவையன்று திருவேங்கடமுடையான் அதைச் சாற்றிக்கொள்கிறார். துளசியும் செவ்வந்தியும் சம்பங்கியும் சேர்த்துக் கட்டிய, ஆள் தூக்கும் கனமுள்ள மாலைகள் கூடையில் ஏறி யானையோடு மாடவீதி சுற்றிப் புறப்படும் அந்த நாளில் ஊர் ஒரு கல்யாண வீடு போல இருக்கும்.

மாலைக்கு அடுத்தது கிளி. ஆண்டாளின் இடது கையில் இருக்கும் பச்சைக்கிளி மரத்தாலோ பொன்னாலோ ஆனதன்று. தினமும் இலையும் பூவும் கொண்டு புதிதாகக் கட்டப்படுவது. மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் அலகு, காக்காப்பொன்னால் கண். வாலுக்கும் அலங்காரத்துக்கும் நந்தியாவட்டை, செவ்வரளி. மூங்கில் குச்சியும் வாழைநாரும் எலும்பும் நரம்பும் போல இதைப் பிடித்து வைக்கின்றன. பரம்பரையாக இந்தக் கைங்கரியத்தைச் செய்கிறவர்கள் ஒரு கிளிக்கு நான்கைந்து மணி நேரம் உட்காருகிறார்கள். மாலைப் பூசைக்கு அது ஆண்டாளின் கைக்கு வந்துவிடும். பிறகு பிரசாதமாக அடியார் ஒருவர் வீட்டுக்குப் போகும். ஒருநாள் வாழ்வுக்காக இவ்வளவு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர் மாலையில் வந்து இந்தக் கிளியைப் பார்க்கலாம்.

திருவிழாக்களில் ஆடிப்பூரமே பெரிது. ஐந்தாம் நாள் இரவு ஐந்து கருட சேவை: பெரிய பெருமாளாகிய வடபத்ரசாயி, ரங்கமன்னார், காட்டழகர் சுந்தரராஜப் பெருமாள், திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள், திருத்தங்கல் அப்பன் ஆகிய ஐவரும் ஐந்து கருடன்மேல் வர, ஆண்டாள் பெரிய அன்ன வாகனத்திலும் பெரியாழ்வார் சிறிய அன்ன வாகனத்திலும் வருவார்கள். (இந்தத் திருவண்ணாமலை, ஊருக்குப் பக்கத்துக் குன்று, அருணாசலேசுவரர் ஊர் அன்று.) ஏழாம் நாள் கிருஷ்ணன் கோயிலில் சயன சேவை. ஆண்டாளின் மடியில் ரங்கமன்னார் தலைசாய்த்திருக்கும் கோலம் அது. அதைக் காணப் புது மணத் தம்பதியர் கூட்டமாக வருவார்கள். ஒன்பதாம் நாள், பூரத்தன்று, தேர்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. மரச்சக்கரத்தோடு ஓடிய காலத்தில் நான்கு ரதவீதியையும் சுற்றி நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும். சுற்று வட்டாரக் கிராமங்கள் முறைவைத்து வந்து வடம் பிடித்தன. தேர் நின்ற இடத்திலேயே இரவு கழியும். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகு ஒரே நாளில் நிலை சேர்ந்துவிடுகிறது. அந்த நாட்களை அறிந்த முதியவர்கள் ரதவீதித் திண்ணைகளில் இன்னும் கிடைப்பார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

மார்கழி இன்னொரு விதம். பகல் பத்துத் தொடங்கும் நாளில் ஆண்டாள், பெரியாழ்வார் வம்சத்தவரான வேதபிரான் பட்டர் வீட்டுக்கு, அதாவது பிறந்தகத்துக்கு, எழுந்தருளுகிறாள். வீட்டு முன்னால் காய்கறிகளைக் குவித்துப் பரப்பி வரவேற்கிறார்கள். இதற்குப் பச்சைப் பரத்தல் என்று பெயர். திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் படைக்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்கு வந்தால் தாய் வீட்டார் எப்படி நடத்துவார்களோ அப்படியே. பிறகு எண்ணெய்க்காப்பு, திருமுக்குளக் கரையிலுள்ள நீராட்ட மண்டபத்தில் ஆண்டாளின் கூந்தலைச் சிக்கெடுத்துத் தைலம் சாற்றுவார்கள். கங்கை, யமுனை, சரஸ்வதி மூன்றும் ஆண்டாள் நீராட இங்கே வந்தன என்பதால் குளத்துக்கு அந்தப் பெயர். இந்த நாட்களில் அரையர் சேவையும் நடக்கும். கூம்புக் குல்லாயும் கைத்தாளமும் கொண்டு பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்தும் இந்தக் கலை ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், கர்நாடகத்தில் மேல்கோட்டை என்று மிகச் சில இடங்களில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் திருக்கல்யாணம்.

கோயிலுக்கு வெளியே வந்தால் திருமலை நாயக்கர் நினைவு பல இடங்களில் எதிர்ப்படுகிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட அவர் இங்கே ஒரு மகால் கட்டினார். மதுரை மகாலைப் போல அது புகழ் பெறவில்லை. நெடுங்காலம் நீதிமன்றம் அதில் நடந்தது. வளைவுகளும் பருத்த தூண்களும் மதுரைக் கட்டடத்தின் தங்கை என்று சொல்ல வைக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூசை முடிந்ததும் மணி அடிக்க, அந்த ஓசையை மண்டபத்துக்கு மண்டபம் நகரா முழக்கி மதுரைக்குக் கடத்த, அதைக் கேட்ட பிறகே நாயக்கர் உணவருந்துவார் என்று சொல்கிறார்கள். வழிநெடுக அத்தகைய மண்டபங்கள் சில நிற்கின்றன. வயல் நடுவில் தனியாக நிற்கும் கல் மண்டபத்தைக் கண்டால் அது என்னவென்று கேட்டுப் பார்க்கலாம்.

ஊரின் மேற்கே மடவார் வளாகத்தில் வைத்தியநாதசுவாமி கோயில் இருக்கிறது. வைணவத் தலம் என்றே பெயர் பெற்ற ஊரில் இவ்வளவு பெரிய சிவன் கோயிலைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தீராத வயிற்றுவலி இங்கே தீர்ந்ததால் நாயக்கர் திருப்பணி செய்தார் என்பது தலக்கதை. ஆண்டாள் கோயிலின் நெரிசல் இங்கே இருக்காது. மாலையில் பிராகாரத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத இடம்.

இதே ஊரில் 1875-இல் தொடங்கிய ஒரு பொது நூலகமும் இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஆட்சியராக இருந்த பென்னிங்டன் பெயரால் அது பென்னிங்டன் நூலகம் ஆயிற்று. ஊர் 1910-இல் ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் 1985-இல் விருதுநகர் மாவட்டத்துக்கும் மாறிய பிறகும், நூலகம் அதே பெயரில் வாசகர்களுக்குத் திறந்தபடி இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகரமாக இல்லாத ஒரு சிற்றூர் ஒன்றரை நூற்றாண்டாக ஒரு நூலகத்தை விடாமல் நடத்தி வருவதைக் கோபுரத்துக்கு நிகரான பெருமையாகவே சொல்ல வேண்டும்.

பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சரக்கு இரண்டே இரண்டு: பசும்பால், சர்க்கரை. மலையடிவாரத்திலும் கரிசலிலும் மேயும் மாடுகளின் பால் காலையில் வந்து இறங்கும். அகன்ற இரும்புச் சட்டியில் ஊற்றி, விறகடுப்பில் வைத்து, நீண்ட துடுப்பால் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கோவா கெட்டது. பால் சுண்டிச் சட்டியின் ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து உள்ளே தள்ளித் தள்ளி, மணல்மணலாகத் திரளும் பதத்தில் இறக்குகிறார்கள். புளிய விறகின் நின்றெரியும் தணலே இந்தப் பதத்தைத் தருகிறது என்பது கைப்பழக்கம் உள்ளவர்களின் சொல். பெயரைப் போட்டு எங்கெங்கோ செய்து விற்கும் பெட்டிகளுக்கும் இதற்கும் வித்தியாசம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். கூட்டுறவுப் பால் சங்கக் கடையிலோ அடுப்பு கண்ணுக்குத் தெரிகிற கடையிலோ, சூடு ஆறுவதற்குள் வாங்கிச் சாப்பிடுவது சிறந்தது. சில நாட்களுக்கு மேல் வைத்திருக்கிற பண்டம் அன்று.

ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. 1988-இல் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பு சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. முதுகில் மூன்று கோடு போட்ட வீட்டு அணிலை நினைத்துக்கொண்டு போகிறவர் ஏமாறுவார். மூக்கிலிருந்து வால் நுனி வரை முக்கால் மீட்டர் நீளம். உடல் மயிரின் நுனியில் நரை பூத்தது போன்ற நிறம். தரைக்கு அநேகமாக இறங்குவதே இல்லை. மரக்கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் இடத்தில் உச்சியில் கூடு கட்டும். ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் தாவ வழி வேண்டும் அதற்கு. அதனால்தான் மரங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் இந்த இனம் தாங்காது. புளியும் மாவும் இதற்குப் பிடித்த உணவு. விடியற்காலையில் மரத்தடியில் கடித்துப் போட்ட பிஞ்சுகள் விழும் சத்தத்தைக் கேட்டு அண்ணாந்து பார்த்தால் காணக் கிடைக்கும்.

2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தையும் வடக்கே மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்; தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. வைகையின் தலைநீர் இந்தக் காட்டில்தான் பிறக்கிறது. அதாவது, ஆண்டாள் மாலையோடு அழகர் இறங்கும் ஆற்றின் தண்ணீருக்கும் மாலை புறப்படும் ஊரின் மலைக்கும் நேர்த் தொடர்பு உண்டு. கருட சேவைக்கு வரும் காட்டழகரின் கோயில் செண்பகத்தோப்புக்கு மேலே காட்டுக்குள் இருக்கிறது. வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறலாம். பிளவக்கல் அணையும் அந்தப் பக்கம்தான். யானை நடமாட்டமும் திடீர் காட்டாற்று வெள்ளமும் உள்ள பகுதி என்பதால் எங்கே போனாலும் வனத்துறை அனுமதிக்கும் நாளிலும் நேரத்திலும் மட்டுமே போக வேண்டும். பிளாஸ்டிக்கைக் கொண்டுபோவது கூடாது.

தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் ராஜபாளையம். இங்கே கோயில் நகரத்தின் சாயல் இல்லை, பஞ்சாலை நகரம். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் ஊரின் போக்கை மாற்றியது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ.ச.குமாரசாமி ராஜா தம் வீட்டையே ஊருக்கு எழுதிக்கொடுத்தார். அது காந்தி கலை மன்றம். வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. கோடையில் போனால் சப்பட்டை மாம்பழம் கிடைக்கும்.

இரண்டு நாள் இருந்தால் எல்லாவற்றையும் அவசரமின்றிப் பார்த்துவிடலாம். கோயில் நடை நடுப்பகலில் சாத்திவிட்டு மாலை நான்கு மணியளவில் திறக்கும். ஆகையால் விடியலில் செண்பகத்தோப்பு, காலையில் வடபத்ரசாயி, நடுப்பகலில் நூலகமும் கோவா அடுப்பும், மாலையில் நாச்சியார் கோயில் என்று வைத்துக்கொள்வது வசதி. மறுநாள் காலையில் மடவார் வளாகமும் மகாலும் பார்த்துவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறலாம். ஆடிப்பூரத்துக்கு வருவதாக இருந்தால் தங்கும் அறைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் ஊரிலுள்ள வீடுகளே உறவினர்களால் நிரம்பியிருக்கும்.

(தொடரும்)